பூட்டில்லாத கீல்

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

நான் உங்கள் தம்பி மகள். இப்போது பத்தாம் வகுப்பு. புத்தகத்தில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்திப் படிப்பேன் என்று நீங்கள்தான் எனக்கு எறும்பு என்று பெயர் வைத்தீர்களாம். இப்போது விரல் வைக்காமலே படிக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவின் உடம்பு நலம், மனசு இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். கேட்டுச் சொல்ல ஆறு வருடமாக இந்த வீட்டில் யாரும் இல்லை.

முகவரி அம்மா கொடுத்தது. அப்பாவுக்குத் தெரியாது. ஃபோன் பட்டறையில் அப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

நீங்கள் கடைசியாக வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. துறைமுகத்தில், உங்கள் சுங்க அலுவலகத்தில், மாட்டியிருந்த முதல் சரக்குக்காக "ஒரு வார்த்தை சொல்லேன்க்கா" என்று அப்பா கேட்டார். எல்லோர் முன்னாலும் "முடியாது" என்றீர்கள். பிறகு செருப்பைக் காலில்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். அன்றைக்கு எனக்கு விஷயம் புரியவில்லை, செருப்புதான் புரிந்தது.

இப்போதும் ஒரு சரக்கு மாட்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், ஒரு வார்த்தை சொல்லும்படி நான் கேட்கப்போவதில்லை. புரிந்துகொள்ள மட்டும்தான் வேண்டும்.

அப்பா இப்போது மடக்கு வாக்கர் செய்கிறார். இடுப்போ காலோ முறிந்தவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பது. கடையில் விற்பதை மடக்க இரண்டு கையும் வேண்டும். அப்பாவுடையதை ஒரே கையால் மடக்கலாம். எங்கள் தெருவில் இடுப்பு முறிந்த பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். "சார், ஒரு கை பஸ் கம்பியைப் பிடிக்கணும், இன்னொரு கைதான் இதுக்கு. மூணாவது கை வெச்சு ஆண்டவன் அனுப்பலையே" என்று அவர் கேட்டதில் பிறந்த வாக்கர் அது. அதன் அலுமினிய மூட்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இங்கே வார்த்தது எல்லாம் விரிசல் விட்டது.

எலும்பு ஆஸ்பத்திரி அறுபது வாக்கர் கேட்டிருக்கிறது. ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். மூட்டுகள் டிசம்பரிலேயே துறைமுகத்துக்கு வந்துவிட்டன. சுங்கத்தில், இவை நாற்காலி அலமாரிக்குப் போடும் கீல், எண்பத்து மூன்றாம் அத்தியாயம், வரி நான்கு மடங்கு என்கிறார்கள். நோயாளிக்கான சாதனத்தின் பாகம், தொண்ணூறாம் அத்தியாயம் என்கிறார் அப்பா.

அத்தை, உலகத்தில் உள்ள பொருளையெல்லாம் அத்தியாயம் பிரித்து ஒரு புத்தகம் இருக்கிறதா? அதை யார் எழுதினார்கள்?

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப்போகும்,
எறும்பு

*

ஜனவரி 25

அன்புள்ள எறும்புக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்த பிறகு இன்னும் கொஞ்சம் நலம். அலுவலகப் பழக்கத்தில் எண் போட்டு எழுதுகிறேன், சிரிக்காதே.

1. உன் அப்பாவின் சரக்கைப் பற்றி நான் கேட்கமாட்டேன், நீயும் யார் பெயரையும் எண்ணையும் எழுதாதே. எங்கள் மேஜைக்கு வரும் மாதிரிகளில் உரியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அது நல்ல ஏற்பாடு. அப்படியே இருக்கட்டும்.

2. புத்தகம் இருக்கிறது. தொண்ணூற்றேழு அத்தியாயம். உயிருள்ள குதிரையில் தொடங்கி நூறு வருடத்துக்கு முந்தைய பழம்பொருளில் முடியும். நடுவில் நீயும் நானும் தொடும் எல்லாமே உண்டு. பல நாட்டவர் உட்கார்ந்து எழுதியது. எந்தப் பொருளுக்கும் இடமில்லை என்று அந்தப் புத்தகம் சொல்லாது. எங்கும் சேராததற்கு 'மற்றவை' என்று ஒரு வரி வைத்திருப்பார்கள்.

3. முதல் பாடம்: பொருளுக்குச் சொந்தக்காரர் அதை என்ன செய்யப்போகிறார் என்று சொல்வதை நம்பாதே. கொண்டுவந்த நிலையில் அது என்னவாக இருக்கிறது என்று பார். சிலுவை செய்யப் போகிறேன் என்று ஒருவர் பலகை கொண்டுவந்தால், அது பலகை.

4. சின்ன வயதில் நானும் உன் அப்பாவும் வீட்டில் இருக்கும் பொத்தான்களை எல்லாம் கொட்டிப் பிரிப்போம். நான் துளை எண்ணிக்கையை வைத்து, அவன் நிறத்தை வைத்து. ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

5. அந்த மூட்டை வரைந்து அனுப்பு. பாடத்துக்காக மட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. அவளுடைய முதுகு வலி எப்படி இருக்கிறது?

அத்தை

*

பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

அம்மாவின் முதுகு கேட்டதற்கு நன்றி சொன்னது. நான் நலம். நீங்களும் அப்படியே இருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு எண்ணையும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடைத்திருந்தீர்கள். அம்மா பார்த்துவிட்டு, "உங்க அத்தை இன்னும் இதை விடலையா? மளிகைச் சாமான் லிஸ்டையே கட்டம் கட்டித்தான் எழுதுவாங்க" என்றாள்.

அப்பாவும் குறைந்தவரில்லை. பட்டறையில் நூற்றுப் பதினான்கு இழுப்பறை உள்ள அலமாரி ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாமான். அரை அங்குல ஆணி இழுப்பறையில் முக்கால் அங்குல ஆணி கிடந்தால் அன்றைக்கு யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. உங்கள் 'மற்றவை' வரியைப் பற்றி, எங்கே படித்தேன் என்று சொல்லாமல், அவரிடம் சொன்னேன். "மற்றவைன்னு பேர் வெச்சா அது குப்பைத்தொட்டி" என்றார்.

படம் இதன் பின்பக்கத்தில். அளவெல்லாம் சரி, ஸ்கேல் வைத்து வரைந்தேன். இரண்டு இதழ், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம், மூன்று துளை. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம். நடுவில் ஓர் ஆணி, அதைச் சுற்றித்தான் மடங்கும். மாதிரியாகப் போனதும் இதேதான்.

சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் எங்கள் ஏஜென்ட்டுக்கு நானும் அம்மாவும் 'நாளைக்கு மாமா' என்று பெயர் வைத்திருக்கிறோம். நேற்றும் வந்தார்.

"சார், நாளைக்கு முடிஞ்சிடும் சார்."

"எந்த நாளைக்கு? போன மாச நாளைக்கா, இந்த மாச நாளைக்கா?"

"அங்க உங்க சொந்தக்காரங்க யாரோ இருக்காங்களாமே சார். ஒரு வார்த்தை..."

"எனக்கு அங்க யாரும் இல்ல" என்றார் அப்பா. அப்புறம் வெகுநேரம் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நேற்றைய வேலை முழுவதும் பட்டறையில் இருக்கும் வெல்டர் அண்ணன் பழைய கேட்டுக்குப் பெயின்ட் அடித்ததுதான். வெல்டிங் செய்ய ஒன்றுமில்லை.

அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கும்,
எறும்பு

*

மார்ச் 11

அன்புள்ள எறும்புக்கு,

பதில் தாமதம். காய்ச்சலாகக் கிடந்தேன். இப்போது பரவாயில்லை.

உனக்குத் தேர்வு நெருங்குகிறது. வரலாற்றுத் தேதிகளை எழுதி எழுதிப் படி, வாயால் சொல்லிப் படிக்காதே. கண்ணுக்குக் கெடுதலாக மங்கிய வெளிச்சத்தில் படிக்காதே.

படம் கிடைத்தது. நன்றாக வரைந்திருக்கிறாய்.

ஒன்று மட்டும். மடக்கின வாக்கரை விரித்த பிறகு, அந்த இரண்டு இதழும் மறுபடி மடங்காமல் நிற்க வேண்டுமே. எது நிறுத்துகிறது? நீ வரைந்ததில் அது இல்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், சொல்லாதே.

அத்தை

*

மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டீர்களா? தனியாக இருந்தால் கஞ்சி யார் வைத்துக் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்கிறாள். நான் நலம். ஆனால் மரியாதை குறையாமல் கோபமாக இருக்கிறேன். ஒரு மாதம் காத்திருந்தவளுக்கு வரலாற்றுத் தேதியா பதில்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்துவது பூட்டு. எஃகு முள்ளும் சுருள்வில்லும் சேர்ந்த ஒரு சின்னச் சாமான். அந்தப் பிறைப் பள்ளத்தில் போய் உட்காரும். அது உட்கார்ந்த பிறகு ஓர் ஆள் முழு எடையையும் போட்டுச் சாயலாம். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் விலகும், வாக்கர் மடங்கும். நான் ஏன் அதை வரையவில்லை? மாதிரியாகப் போனதை வரைந்தேன். அதில் பூட்டு இல்லை. ஏன் இல்லை? பூட்டுகள் எல்லாம் தனிப் பெட்டி. அனுப்புகிறவர் பூட்டை மாட்டியே அனுப்புவதாகத்தான் சொன்னார். "கலந்து அனுப்பாதீங்க, மூட்டு தனியா பூட்டு தனியா போடுங்க, என் இழுப்பறைக்கு அதுதான் வசதி" என்று எழுதியவர் உங்கள் தம்பி. சுங்கப் படிவத்திலும் இரண்டும் வேறு வேறு வரி.

பூட்டு இல்லாமல் பார்த்தால் அது கீல்தானே?

பொது நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் பழைய பதிப்பு, விளக்கக் குறிப்புகளோடு, கிடைத்துவிட்டது. யாருமே எடுக்காததால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்பத்து மூன்றில் நான் தேடியது இருக்கிறது. கதவுக்கும் மேஜைகளுக்கும் போடும் பொதுவான கீல், கைப்பிடி எல்லாம் அங்கேதான். ஆனால் ஒரு பொருளின் கட்டமைப்புக்கே அடிப்படையான பாகம் அங்கே சேராதாம். உதாரணத்துக்குச் சுழல் நாற்காலியின் சுழலும் அமைப்பைச் சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சுழல் நாற்காலியே இல்லையே. அப்படியானால் பூட்டோடு சேர்ந்த எங்கள் மூட்டு? அது இல்லாவிட்டால் வாக்கர் வெறும் குழாய்க் கட்டு. நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். நூலகர் "உக்காரும்மா" என்றார்.

அப்பா மனு போட்டதில், கீல் என்று முடிவு செய்த அதிகாரி டிசம்பரில் எழுதிய குறிப்பின் நகல் நேற்று வந்தது. கையால் எழுதியது, கையெழுத்து ஒரு கிறுக்கல், பெயர் இல்லை. நான்கு பத்தி. கோபத்தோடுதான் படித்தேன், ஆனாலும் தெளிவாக எழுதியிருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன். அத்தை, உங்கள் அலுவலகத்தில் எல்லோருமே எண்ணைச் சின்னச் சதுரத்துக்குள்தான் போடுவார்களா? இவரும் அப்படியே போட்டிருக்கிறார். அலுவலக விதியா?

எறும்பு

*

ஏப்ரல் 14

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? பதில் இல்லை. கடிதம் தபாலில் தொலைந்ததோ என்று நினைத்தேன். தபால்காரர் கோபித்துக்கொண்டார். "நான் கொண்டுபோன கடுதாசி எதுவும் காணாமப் போனதில்ல பாப்பா. படிச்சவங்க காணாமப் போயிருப்பாங்க."

தேர்வு முடிந்துவிட்டது. வரலாற்றில் தேதிகள் சரியாக எழுதினேன்.

வெல்டர் அண்ணன் வேறு ஊரில் வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். பதில் வந்துவிட்டது. ஜூலை முதல் தேதிக்குள் வரச் சொல்கிறார்கள். அவர் போனால் அந்தக் குழாயைச் சுருங்காமல் ஒட்டவைக்க இங்கே வேறு ஆள் இல்லை. அப்பா அவரைப் போகாதே என்று சொல்லவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவது?

சதுரத்தைப் பற்றி நான் கேட்டது தவறா? அம்மாவிடம் நகலைக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள், மடித்தாள், "அத்தைக்கு எழுது, என்கிட்ட கேக்காத" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். வாளியில் துணியே இல்லை.

எறும்பு

*

ஏப்ரல் 28

எறும்பே,

எல்லோரும் சதுரம் போடுவதில்லை. நான் மட்டும்தான்.

டிசம்பரில் என் மேஜைக்கு ஓர் எண்ணோடு இரண்டு அலுமினிய இதழ் வந்தது. நடுவில் ஓர் ஆணி. அது கீல். கீல் என்றுதான் எழுதினேன். இன்றைக்கு அதே நிலையில் அதையே கொண்டுவந்து வைத்தாலும் அப்படித்தான் எழுதுவேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் பிப்ரவரியில் தொடங்குகிறது. உன் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தப் பிறைப் பள்ளத்தை நான் டிசம்பரிலேயே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன், இது எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறேன், அடுத்த மாதிரியை எடுத்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், இது என் தம்பியுடையது, என் கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. சொன்னால் கோப்பு முதலிலிருந்து தொடங்கும், உங்களுக்கு நாள் போகும். சொல்லாமல் நானே மாற்றி எழுதினால் சரக்கு மறுநாளே வெளியே வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லோர் முன்னாலும் முடியாது என்றேனே, அதைத்தான் திருட்டுத்தனமாகச் செய்ததாக ஆகும். இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடம் சரி, தப்பு என்று பிரித்து எழுதியவள் இதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதிக்கொண்டே இருந்தாய். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்ந்துவிட்டது.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். கோப்பு வேறு அதிகாரிக்குப் போகிறது. அவர் யார் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். அவர் முதலிலிருந்து பார்ப்பார். உங்கள் ஜூன் 30க்கு அது போதுமா என்றால், போதாது. பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். போன அந்த நாட்கள் என் கணக்கு.

சுழல் நாற்காலியை நீயே கண்டுபிடித்தாய். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை உன் அப்பாவின் மனுவில் எழுதலாம், யாருக்கும் அந்த உரிமை உண்டு.

பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அத்தை

*

ஜூன் 2

மரியாதைக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இது வழக்கத்துக்காக எழுதுவது.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் கெட்ட வார்த்தை இருந்தது, இரண்டாவதில் அழுகை இருந்தது, மூன்றாவதில் எழுத்துப்பிழை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். கத்துவார் என்று பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். எழுபத்தொன்றாம் இழுப்பறையைத் திறந்தார். அதில் போன வருடத்து இதழ் ஒன்று, பூட்டில்லாமல், மீந்து கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா இருந்தாலும் கீல்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் உங்கள் மேல் இவ்வளவு கோபமாக இருக்கும்போது அவர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? "அப்படின்னா பிப்ரவரி?" என்று கேட்டேன். "பிப்ரவரி தப்பு" என்றார். "அதை அவளே எழுதிட்டா இல்ல." இழுப்பறையை மூடிவிட்டார்.

மனுவில் சுழல் நாற்காலியை நானே எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். புதிய அதிகாரி ஒரே வாரத்தில் பதில் அனுப்பினார். பூட்டு மாட்டிய மூட்டை, பொருத்திய வாக்கரோடு மாதிரியாக அனுப்ப வேண்டுமாம். கிடங்கில் இருக்கும் பெட்டியைப் பிரிக்க அனுமதி இல்லை. வெளியில் உலகத்திலேயே ஒரே ஒரு வாக்கரில்தான் அந்த மூட்டு முழுசாக இருக்கிறது. போன வருடம் மாதிரிக்கு வரவழைத்த மூட்டுகளில் அப்பா செய்த அது கண்டக்டரிடம் இருக்கிறது.

நான்தான் போய்க் கேட்டேன். அப்பாவுக்கு வாய் வரவில்லை. கண்டக்டர் வாசலில் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் மறுபடி வேலைக்குப் போவதற்கு டாக்டர் பரிசோதனை ஜூலையில். தினமும் தெருமுனை வரை நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளுக்கு?"

"தெரியாதுங்க."

"திரும்பி வருமா?"

"அதுவும் தெரியாதுங்க. மாதிரியை அறுத்துக்கூடப் பார்ப்பாங்களாம்."

கொஞ்ச நேரம் தெருமுனையையே பார்த்தார். "அறுபது பேர் ஏறணும்னா ஒருத்தன் இறங்கித்தான் ஆகணும். பஸ்ஸுல இது தினம் நடக்கிறதுதான்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, ஒரே கையால் மடக்கி, என்னிடம் நீட்டினார். பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார். அதை அவிழ்க்க வேண்டாம் என்றார்.

உங்களிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இப்படிக்கு,
மனுதாரரின் மகள்

*

ஜூன் 24

எறும்பே,

நலம். என்னை ஏற்றுமதிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே மூட்டைகளை எண்ணும் வேலை. விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது, கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கோப்பு எங்கே இருக்கிறது, என்ன எழுதினார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

ஆனால் பொது நடைவாசலில் எல்லோர் கண்ணிலும் பட்டதை எழுதலாம். போன வாரம் ஒரு வாக்கர் சுவரோரம் விரிந்து நின்றது. கழுத்தில் எண் அட்டை. சிவப்புத் துணி. ஒரு வயதான காவலாளி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்து பார்த்தார். முழு எடையையும் போட்டார். அது அசையவில்லை. நான் தொடவில்லை.

உன் கோபம் நல்ல கோபம். தணிய வேண்டிய அவசரம் இல்லை.

அத்தை

*

ஜூலை 29

அத்தைக்கு,

நலம். ஏற்றுமதிக் கிடங்கில் தூசி அதிகமாமே, மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இது அம்மா சொன்னது.

உத்தரவு ஜூலை 9 அன்று வந்தது. தொண்ணூறாம் அத்தியாயம். ஒன்றரைப் பக்கம். சுழல் நாற்காலியும் அதில் வருகிறது. மனுவில் நான் எழுதிய வாக்கியம் ஒரு சொல்கூட மாறாமல் இருக்கிறது. அதைக் கீறிப் பார்த்தேன், உண்மையான மைதானா என்று.

சந்தோஷப்பட்டோம் என்று எழுத ஆசை. ஜூன் 30 அன்று ஆஸ்பத்திரி அறுபதில் நாற்பதை வேறு இடத்தில் வாங்கிவிட்டது. இரண்டு கையால் மடக்குவது. மிச்சம் இருபது எங்களுக்கு. வெல்டர் அண்ணன் அந்த ஊருக்கு ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு இங்கேயே இருந்தார். அங்கே வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். "இருபதுக்கு ஒரு ஆள் போதும், அந்த ஒரு ஆள் நான்தான்" என்கிறார். இருபது முடிந்த பிறகு என்ன என்று யாரும் பேசுவதில்லை.

வாக்கர் திரும்பி வரவில்லை. மாதிரி அங்கேயே பதிவுக்காக வைக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. கண்டக்டர் பரிசோதனையில் தேறவில்லை. இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். புதியதில் முதலாவது அவருக்குத்தான் போனது. பிடியில் துணி சுற்ற அவர் மனைவி சிவப்பு கிடைக்காமல் நீலம் சுற்றியிருக்கிறார். "வண்டி மாறிடுச்சு, ரூட் அதேதான்" என்றார்.

இதை யார் மேல் போடுவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பா பூட்டைப் பிரிக்கச் சொன்னது. நீங்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பேசாமல் இருந்தது. அதற்கப்புறம் சில வாரம் நான் அந்த மனுவை எழுதாமல் இருந்தது. நாளைக்கு மாமா இரண்டையும் தனி வரியில் எழுதியது. இவை எல்லாம் ஒரே அத்தியாயத்தில் உட்காரவில்லை. அந்தத் தாளை அப்பா பார்த்துவிட்டார். மறுநாள் மாலை நூற்றுப் பதினான்காம் இழுப்பறையைக் காலி செய்து உங்கள் கடிதங்களை எல்லாம் அதில் வைத்திருந்தார். பெயர்ச்சீட்டு இன்னும் ஒட்டவில்லை.

என் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எறும்பு

*

ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

நலம். நீ நலம் என்று சின்னவள் சொன்னாள்.

பூட்டைத் தனிப் பெட்டியில் போடச் சொன்னது நான். அடுத்த சரக்கில் மாட்டியே வரும்படி எழுதிவிட்டேன். அது எந்த மேஜைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தாலும் சொல்லாதே.

இந்த உறையில் ஒரு மூட்டு இருக்கிறது. பூட்டோடு. பார்த்து எதுவும் எழுதித் தர வேண்டாம். பிறைப் பள்ளம் எதற்கு என்று யோசித்ததாக எழுதியிருந்தாய். அதற்குத்தான்.

பொத்தான்களைத் துளையை வைத்துப் பிரிப்பதுதான் சரி. நிறம் துவைத்தால் போய்விடுகிறது.

தம்பி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் எறும்புக்கும்,

1. நலம். உறை கிடைத்தது.

2. பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டேன். பதினைந்து இருபது முறை கேட்டிருப்பேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விட்டார்.

3. இறக்குமதி செய்பவர் எவரிடமிருந்தும் எந்தப் பொருளையும், எவ்வளவு சின்னதானாலும், நான் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே மாதிரி திருப்பித் தரப்படுகிறது.

4. தபாலில் அனுப்பினால் பூட்டு தனியாக மூட்டு தனியாகப் போய்விடும் அபாயம் இருப்பதால் நேரில் கொண்டுவருகிறேன். ஞாயிறு, காலை முதல் பஸ்.

5. செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அக்கா, அத்தை